எட்டுக் கோடி ரூபாய், நான்கு ஆண்டு: இதயநோய்த் தடுப்பில் எந்த ஆய்வுக்குப் பணம் தருவது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023இல் வெளி நிறுவனங்களின் ஆய்வுகளுக்கு இரண்டு அளவுகளில் நிதி அறிவித்தது. சிறிய நிதி 2 கோடி ரூபாய் வரை, 3 ஆண்டுக்கு. நடுத்தர நிதி 8 கோடி வரை, 4 ஆண்டுக்கு. அந்த இரண்டாவது தொகையை இந்தக் கட்டுரை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. ஒரு மாநில நலவாழ்வுத் துறையின் ஆய்வுக் குழுவோ, பல்கலைக்கழகக் குழுவோ இதயநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கவும் தடுக்கவும் 8 கோடியை ஒதுக்கியிருக்கிறது என்று கொள்வோம். மேசைக்கு வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆறு வகை: சி.டி. ஸ்கேனில் இதயத் தமனிச் சுண்ணாம்பைத் தேடுவது, இ.சி.ஜி. மூலம் தாளக்கோளாறைத் தேடுவது, ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டு தொடரும் கூட்டாய்வு, பரம்பரைக் கொழுப்பு உள்ள குடும்பங்களைத் தேடுவது, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, உப்பை மாற்றுவது.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணத்தின் பெரும்பகுதி ரத்த அழுத்தத்துக்கும் உப்புக்கும் போகட்டும். இரண்டையும் ஒரே ஆய்வாக நடத்தலாம். பரம்பரைக் கொழுப்புக்கு ஒரு சிறு பங்கு. இந்தத் தொகையில் ஸ்கேன் ஆய்வு வேண்டாம்.

நோய் இங்கே சீக்கிரம் வருகிறது என்பதில் சந்தேகம் இல்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, மன அழுத்தம், காய்கறி பழம், மது, உடலுழைப்பு ஆகிய ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்பு அபாயத்தில் 90 விழுக்காட்டை விளக்கிவிடுகின்றன. காரணம் என்ன என்பதைவிட, தெரிந்த காரணத்தை எப்படிக் கட்டுக்குள் கொண்டுவருவது என்பதுதான் இங்கே விடை கிடைக்காமல் நிற்கும் கேள்வி.

தமிழ்நாட்டில் 2020இல் நடந்த, தொற்றா நோய் அபாயங்களை அளக்கும் ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. மக்களைத் தேடி மருத்துவம் தொடங்குவதற்கு முந்தைய எண் இது. நூறு பேரில் 93 பேருக்கு, பட்டை கட்டிப் பார்த்தாலே தெரியும் ஒரு அபாயம் கட்டுக்கு வராமல் இருந்திருக்கிறது. இந்த நிலையில் கண்டுபிடிப்பதற்கு இன்னொரு புதுக் கருவியைச் சோதிக்கும் விண்ணப்பம் வந்தால், கண்டுபிடித்த பின் அந்த ஆளுக்கு என்ன நடக்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

ஸ்கேன் ஆய்வு: கணக்கு எங்கே உதைக்கிறது

சுண்ணாம்பு ஸ்கேன் கருவியாக மோசமானதல்ல. சாயம் ஏற்ற வேண்டாம். கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட். ஆள் மேசையில் படுத்து எழச் சில நிமிடம். 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேல் அடர்த்தி உள்ள புள்ளிகளைக் கூட்டி மதிப்பெண் தருகிறார்கள். அமெரிக்க அரசு நிதியில் 2000இல் தொடங்கிய மெசா ஆய்வு 6,814 பேரைத் தொடர்ந்து, இந்த மதிப்பெண் அபாயத்தை நன்றாகவே முன்கணிக்கிறது என்று காட்டியது.

ஆனால் முன்கணிப்பது வேறு, உயிரைக் காப்பது வேறு. அதைச் சோதித்த பெரிய பொதுநிதி ஆய்வு டென்மார்க்கின் டான்காவாஸ். 65 முதல் 74 வயது வரை உள்ள 46,611 ஆண்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கலில் தேர்ந்து அழைத்தார்கள். ஸ்கேன், கை கால் ரத்த அழுத்த ஒப்பீடு, தாளப் பரிசோதனை, சர்க்கரை, கொழுப்பு என ஒரு முழுத் தொகுப்பே கொடுத்தார்கள். 2022இல் வந்த முடிவு: ஐந்தரை ஆண்டுகளுக்குப் பின் அழைக்கப்பட்டவர்களில் 12.6 விழுக்காட்டினரும் அழைக்கப்படாதவர்களில் 13.1 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். இந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல்படி ஒதுக்க முடியவில்லை. 70 வயதுக்குக் குறைந்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது உட்பிரிவில் கிடைத்த குறிப்பு மட்டும்தான்.

அந்த ஆய்வில் அழைக்கப்பட்டவர்களில் 62.6 விழுக்காட்டினரே வந்தார்கள். இந்த ஒரு எண் ஆய்வுச் செலவை எப்படிப் பெருக்குகிறது என்று பார்ப்போம். ஐந்து ஆண்டில் 5 விழுக்காட்டினருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும், பரிசோதனை அதை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து 4 விழுக்காடாக்கும் என்று வைத்துக்கொண்டால், வழக்கமான 80 விழுக்காட்டுத் திறனில் (பலன் உண்மையில் இருந்தால் அதை ஆய்வு பிடிக்கும் வாய்ப்பு) ஒரு குழுவுக்குச் சுமார் 6,750 பேர் போதும், மொத்தம் 13,500. அழைத்தவர்களில் 60 விழுக்காட்டினரே வந்தால், குழு முழுவதிலும் தெரியும் பலன் 20இலிருந்து 12 விழுக்காடாக நீர்த்துவிடும். அப்போது ஒரு குழுவுக்குச் சுமார் 19,500 பேர் வேண்டும், மொத்தம் 39,000. பலன் நீர்த்த அளவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆள்தொகை கூடுவதால்தான் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. விண்ணப்பங்கள் அடிக்கடி இதில் இடறுகின்றன. எல்லோரும் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். மூன்றாம் ஆண்டில் ஆய்வு எதையும் சொல்லமுடியாத நிலைக்கு வந்துவிடும்.

ரூபாயில் சொன்னால், ஒரு ஆளைத் தொடர ஆண்டுக்கு 500 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 39,000 பேருக்கு ஐந்து ஆண்டில் 9 கோடியே 75 லட்சம். ஸ்கேனுக்கு இன்னும் ஒரு காசும் சேர்க்கவில்லை. 4 ஆண்டு நிதியும் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

டென்மார்க்கில் இந்தத் தொடர்செலவு மிகக் குறைவு. 1968 முதல் அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாள எண். மருத்துவமனை அனுமதியும் மரணமும் அந்த எண்ணில் பதிவாகிவிடும். ஆய்வாளர் வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. இந்தியாவில் பதிவாகும் மரணங்களில் நான்கில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவர் சான்றளித்த காரணம் உண்டு. மீதிக்கு, களப்பணியாளர் வீட்டுக்குப் போய்க் கடைசி நாட்களின் அறிகுறிகளைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதி, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் குறிக்க வேண்டும். 'திடீர்னு நெஞ்சைப் பிடிச்சாரு, போயிட்டாரு' என்பது மாரடைப்பா, நுரையீரல் ரத்தக்கட்டியா, பக்கவாதமா என்று அந்த இரண்டு பேரும் ஒத்துப்போகாத இடங்கள் நிறைய வரும். அப்போது மூன்றாவது மருத்துவர் வேண்டும். டேனிஷ் ஆய்வின் திட்ட வரைவை அப்படியே இங்கே கொண்டுவருபவர்கள் இந்தச் செலவை விட்டுவிடுகிறார்கள்.

வயதும் ஒத்துவரவில்லை. 53இல் மாரடைப்பு வரும் மக்களிடம் 65 வயதில் தேடுவது தாமதம். 40 வயதுக்காரருக்கு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் மதிப்பெண் பூஜ்யம். ஆனால் இளம் வயதில் தமனிப் படிவு சுண்ணாம்பாகாமல் மென்மையாகவே இருக்கும், ஸ்கேனில் தெரியாது. பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதியாகப் புகையைத் தொடர்பவர்தான் இதில் நமக்குக் கவலை.

ஸ்காட்லாந்து அரசின் நிதியில் நடந்த ஸ்காட்ஹார்ட் ஆய்வை இதற்கு மறுமொழியாகக் காட்டுவார்கள். 4,146 பேர், ஐந்து ஆண்டு. இதயநோய் மரணமோ மாரடைப்போ வழக்கமான கவனிப்புக் குழுவில் 3.9 விழுக்காடு, ஸ்கேன் எடுத்த குழுவில் 2.3. நல்ல ஆய்வு. ஆனால் அவர்கள் எல்லோரும் நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு எடுத்தது சுண்ணாம்பு ஸ்கேன் மட்டுமல்ல, சாயம் ஏற்றிய தமனிப் படம். ஸ்டென்ட் வைத்தவர்கள் எண்ணிக்கை இரு குழுவிலும் ஐந்தாண்டில் ஏறத்தாழ ஒன்றே. ஸ்கேன் எடுத்த குழுவில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின் போன்ற தடுப்பு மருந்துகள் கூடுதலாகத் தொடங்கப்பட்டன; பலன் அங்கிருந்து வந்திருக்கவே அதிக வாய்ப்பு. மாவட்ட மருத்துவமனையின் நெஞ்சுவலிப் பிரிவில் இதேபோல ஓர் ஆய்வு நடத்துவது சரியான யோசனைதான். அதற்கு வேறு தலைப்பு, வேறு நிதி.

தாளக்கோளாறு, கூட்டாய்வு: சுருக்கமாக

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடித்து, பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் தாளக்கோளாறு) தேடும் விண்ணப்பங்கள் இப்போது கைபேசி இ.சி.ஜி., செயற்கை நுண்ணறிவு என்று கவர்ச்சியாக வருகின்றன. டென்மார்க்கின் லூப் ஆய்வில் 70 முதல் 90 வயது வரை உள்ள 6,004 பேரில் நான்கில் ஒருவருக்குத் தோலுக்கடியில் பதிவுக் கருவி வைத்தார்கள். தாளக்கோளாறு கண்டறியப்பட்டது 31.8 விழுக்காட்டினரிடம், வழக்கமான கவனிப்பில் 12.2. இவ்வளவு கூடுதலாகக் கண்டுபிடித்தும் பக்கவாதம் 5.6 விழுக்காட்டிலிருந்து 4.5 ஆகத்தான் இறங்கியது. அதுவும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. சுவீடனில் 75, 76 வயதினரை அழைத்த ஸ்ட்ரோக்ஸ்டாப் ஆய்வில் மிகச் சிறிய பலன் தெரிந்தது. அங்கும் அழைத்தவர்களில் பாதிப் பேரே வந்தார்கள். சராசரியாக இளம் வயதிலேயே நோய் தாக்கும் நமக்கு இது முதல் வரிசையில் வராது. தவிர, இத்தகைய கருவிகளை விற்கும் நிறுவனங்களுக்கு ஆய்வு நடத்தக் காரணமும் பணமும் உண்டு.

கூட்டாய்வின் மதிப்பை யாரும் மறுக்க முடியாது. 1948இல் அமெரிக்க தேசிய இதயச் சட்டத்தோடு சேர்ந்து தொடங்கிய ஃப்ராமிங்ஹாம் ஆய்வு, 5,209 பேரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து, உயர் ரத்த அழுத்தமும் கொழுப்பும் இதயநோய்க்கு முன்னோடிகள் என்பதை நிலைநாட்டியது. அதற்கே 1970 வாக்கில் அரசு நிதி நின்றுபோகும் நிலை வந்து, பாஸ்டன் பல்கலைக்கழகம் நன்கொடை திரட்டித்தான் ஆய்வைக் காப்பாற்றியது. நாலு ஆண்டுப் பணத்தில் கூட்டாய்வைத் தொடங்குவது ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நான்காம் ஆண்டு முடிவில் கையில் இருப்பது ஒரு தொடக்கக் கணக்கெடுப்பும், உறைபெட்டி நிறைய ரத்த மாதிரியும்தான். உறைபெட்டியின் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வி அப்போதுதான் எழும். சென்னையை மையமாகக் கொண்ட ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு நாடெங்கும் 1,13,043 பேரைப் பார்த்து, 2023இல் உயர் ரத்த அழுத்தம் 35.5 விழுக்காடு, சர்க்கரை 11.4 விழுக்காடு என்று வெளியிட்டுவிட்டது. சென்னை, டெல்லி, கராச்சி மக்களைத் தொடரும் கார்ஸ் கூட்டாய்வும் இருக்கிறது. புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட இருப்பதைத் தொடர்வதற்கு ஒரு கோடி கொடுத்தால் அறிவு கூடுதலாகக் கிடைக்கும்.

பரம்பரைக் கொழுப்பு: சிறிய பணம், தெளிவான வழி

சில குடும்பங்களில், தமனியில் படியும் எல்.டி.எல். கொழுப்பு பிறந்ததிலிருந்தே மிக அதிகம். ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு இது உண்டு. ஒருவருக்கு இருந்தால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் உடன்பிறந்தவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நெதர்லாந்து 1994 முதல் இருபது ஆண்டு அரசுப் பணத்தில், ஒரு நோயாளியிலிருந்து அவர் உறவினர்களுக்கு என்று படிப்படியாகத் தேடிப் பல்லாயிரக்கணக்கானவர்களைக் கண்டுபிடித்தது.

இங்கே செய்ய வேண்டியது எளிது. அரசு மருத்துவக் கல்லூரியின் இதயப் பிரிவில் ஆண்களில் 55 வயதுக்குள், பெண்களில் 60 வயதுக்குள் மாரடைப்போடு வருபவரின் எல்.டி.எல். அளவைச் சேர்க்கையின் முதல் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதன் பிறகு மாரடைப்பின் விளைவாலேயே அளவு இறங்கித் தவறாகக் காட்டும். டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டினால் குடும்ப மரம் எழுதி, உறவினர்களை அழைக்க வேண்டும். மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. இடறுவது அழைக்கும் கட்டத்தில். கல்யாண வயதில் இருக்கும் பெண்ணுக்குப் பரம்பரை நோய் என்று பெயர் வந்துவிடுமோ என்று குடும்பம் விலகும். யார் பேசினால் வருகிறார்கள், நோயாளியே கூப்பிட்டாலா, செவிலியர் போன் செய்தாலா என்பதுதான் ஆய்வுக் கேள்வி. சிறிய நிதியான 2 கோடிக்குள்ளேயே இது அடங்கும்.

ரத்த அழுத்தம்: பெரும்பணம் இங்கே ஏன்

ஸ்கேன் ஆய்வுக்குப் போட்ட அதே கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். மேல் அழுத்தத்தில் 5 மில்லிமீட்டர் வேறுபாட்டைக் காண வேண்டும், ஆளுக்கு ஆள் மாறுபாடு 20 மில்லிமீட்டர் என்றால், ஒரு குழுவுக்குச் சுமார் 250 பேர் போதும். ஊர் ஊராகப் பிரித்து நடத்தும்போது ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப்போல ஒருவர் இருப்பதால் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். ஊருக்கு 50 பேர், ஒப்புமை 0.02 என்றால் பெருக்கம் 1.98, அதாவது இரு மடங்கு. அப்படியும் மொத்தம் ஆயிரம் பேர். 39,000 எங்கே, ஆயிரம் எங்கே. அழுத்தம் குறைந்தால் பக்கவாதமும் மாரடைப்பும் குறையும் என்பது ஏற்கெனவே நிரூபணமானது. அதனால் மரணங்களை எண்ணிக் காத்திருக்க வேண்டியதில்லை.

நிறுவனங்கள் இந்த ஆய்வுக்கு வரமாட்டா. அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் எல்லாம் காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரைகள். அரசுப் பணம் கொடுக்காவிட்டால் இந்தக் கேள்விகளை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதே எங்களுக்கு மிக முக்கியமான காரணம்.

பக்கத்திலேயே நல்ல முன்மாதிரிகள் உண்டு. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஆஸ்திரேலிய அரசு நிதியில் நடந்த டிரையம்ஃப் ஆய்வு 700 பேரிடம் மூன்று மருந்தையும் பாதி அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்தது: டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம். ஆறு மாதத்தில் இலக்கை எட்டியவர்கள் 70 விழுக்காடு. வழக்கமான சிகிச்சையில் 55. பக்கவிளைவால் நிறுத்தியவர்கள் கூடவில்லை. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் கிராமங்களில் பிரிட்டன் பொதுநிதியில் நடந்த கோப்ரா-பி.பி.எஸ். ஆய்வு, அரசின் சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போவதன் மூலம் மேல் அழுத்தத்தைக் கூடுதலாக 5.2 மில்லிமீட்டர் இறக்கியது. சீனாவின் 326 கிராமங்களில் 33,995 பேரிடம் நடந்த ஆய்வில், கிராம மருத்துவப் பணியாளரே நெறிமுறைப்படி மருந்தைக் கூட்டினார். 18 மாதத்தில் 130/80க்குக் கீழே வந்தவர்கள் 57 விழுக்காடு, ஒப்பீட்டு ஊர்களில் 20. மூன்றாண்டில் இதய, பக்கவாத நிகழ்வுகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

இந்தியாவின் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்னெடுப்பு 2018 வாக்கில் பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரத்தின் 25 மாவட்டங்களில் தொடங்கியது. சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அதில் முன்னணியில் இருந்தது. ஆகவே 'செய்ய முடியுமா' என்ற கேள்வி முடிந்துவிட்டது. இனி ஆராய வேண்டியவை குறுகலான, நடைமுறைக் கேள்விகள்: மாத்திரையை 30 நாளுக்குத் தருவதா, 90 நாளுக்கா? ஒரு மருந்தில் தொடங்கி ஏற்றுவதா, பாதி அளவுக் கூட்டுமாத்திரையில் தொடங்குவதா? இங்கே அளவைக் கூட்ட மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்பதால், துணைச் சுகாதார நிலையச் செவிலியர் தொலைபேசியில் ஒப்புதல் வாங்கிக் கூட்டினால் காலம் எவ்வளவு மிச்சமாகும்?

கெட்டுப்போகும் இடங்களை முன்கூட்டியே சொல்லலாம். முதலாவது அளவீடு. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் தரையில் படிய உட்கார்ந்து, கை இதய மட்டத்தில் இருக்க, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை. முதலாவதை விட்டுக் கடைசி இரண்டின் சராசரி. பருத்த கையில் சிறிய பட்டை கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், 22-32 செ.மீ. பட்டையோடு 32-42 செ.மீ. பட்டையும் ஒவ்வொரு குழுவிடமும் இருக்க வேண்டும். இலக்கு 140 என்று பணியாளருக்குத் தெரிந்தால் தாளில் 138 குவியும். அதனால் நினைவகம் உள்ள தானியங்கிக் கருவியே வேண்டும். எண்ணைக் கருவியிலிருந்து நேராக எடுக்க வேண்டும். மாத்திரை கொடுப்பவரே அளக்கவும் கூடாது.

இரண்டாவது, ஒரே நாள் அளவை வைத்து ஆளைச் சேர்ப்பது. அன்றைக்கு மட்டும் 152 காட்டியவருக்கு அடுத்த மாதம் எதுவும் செய்யாமலே 144 காட்டும். வேறு வேறு நாட்களில் இருமுறை பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். மூன்றாவது, வராதவர்களைக் கணக்கிலிருந்து கழிப்பது. நூறு பேரைப் பதிவு செய்து, அறுபது பேர் மட்டும் காலாண்டில் வந்து, அவர்களில் நாற்பத்தைந்து பேருக்குக் கட்டுக்குள் இருந்தால், சரியான எண் 45 விழுக்காடு. பல அறிக்கைகளில் அது 75 என்று வரும்.

நான்காவது மருந்துத் தட்டுப்பாடு. ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஆய்வுக் குழுவுக்கும் மாத்திரை அரசு வழங்கலிலிருந்தே வர வேண்டும். ஆய்வுப் பணத்தில் முழுவதும் வாங்கிக்கொடுத்தால் முடிவு நன்றாகத்தான் இருக்கும். ஆய்வு முடிந்த மாதமே அந்த ஊர் பழைய நிலைக்குத் திரும்பும். ஆய்வுப் பணத்தில் மூன்று மாத அவசரக் கையிருப்பு மட்டும் வைத்து, அது எத்தனை முறை உடைக்கப்பட்டது என்பதையே ஒரு முடிவாக எழுதச் சொல்லலாம். ஆயிரம் பேருக்கு மாதம் 30,000 மாத்திரை முதல் படிக்கு மட்டும். பாதிப்பேர் இரண்டாம் மருந்துக்குப் போவார்கள் என்று வைத்து 45,000 கேட்க வேண்டும்.

உப்பு: இங்கே விடை வேண்டிய கேள்வி

சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் ஐந்து ஆண்டு நடந்த ஆய்வு, சமையல் உப்பில் கால்பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியது. பக்கவாதம் 14 விழுக்காடும் மரணம் 12 விழுக்காடும் குறைந்தன. மேல் அழுத்தம் குறைந்தது 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆனால் அது ஊர் முழுவதற்கும் குறைந்தது. மேலை நாடுகளில் உப்பு ரொட்டியிலும் டப்பா உணவிலும் வருகிறது. அங்கே வீட்டு உப்பை மாற்றிப் பெரிய பயனில்லை. நம் வீட்டில் சாம்பார், குழம்பு, இட்லி மாவு எல்லாவற்றுக்கும் உப்பு ஒரே டப்பாவிலிருந்து கையால் போடப்படுகிறது. அந்த டப்பாவை மாற்றினால் போதும். ஊறுகாயும் கருவாடும் விதிவிலக்கு.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அரசின் தமிழ்நாடு உப்புக் கழகம் 2014இல் அம்மா உப்பு வரிசையில் சோடியம் குறைந்த உப்பையும் கிலோ 21 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. உற்பத்தித் திறன், வழங்கல் பாதை இரண்டும் அரசுக்குப் பழக்கமானவை. ஆனால் அந்த உப்பால் ஓர் ஊரின் ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்பதற்கு இங்கேயே ஒரு பெரிய குலுக்கல் முறை ஆய்வு வேண்டும்.

ஆபத்தும் தெளிவானது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் தாளத்தைக் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் மாற்று உப்பைப் பரிந்துரைத்தபோது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விலக்கியது. சர்க்கரை நோய் இவ்வளவு பரவிய ஊரில், தனக்குச் சிறுநீரகப் பழுது இருப்பதே தெரியாதவர் எந்த வீட்டிலும் இருக்கலாம். உப்பு டப்பாவோ குடும்பத்துக்கே பொது. ஆகவே வீட்டில் எல்லாப் பெரியவர்களுக்கும் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்த பிறகே உப்பை மாற்ற வேண்டும், மூன்றாம் மாதம் ஒரு பகுதியினருக்குப் பொட்டாசியம் பார்க்க வேண்டும். அந்தச் செலவைக் காட்டாத விண்ணப்பத்தை அங்கேயே திருப்பி அனுப்பலாம்.

மக்கள் உண்மையில் உப்பை மாற்றினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. 24 மணி நேரச் சிறுநீர்தான் சாட்சி. காலை எழுந்ததும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அப்போதிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை சேர்க்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களிடம் இது நடக்காது. அவர்களுக்கு விடுமுறை நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இரண்டையும் ஒரே ஆய்வில்

60 துணைச் சுகாதார நிலையப் பகுதிகள், பகுதிக்கு 50 பேர், மொத்தம் 3,000. குலுக்கலில் நான்காகப் பிரிக்கலாம்: 15 பகுதிகளில் புதிய மருந்து நெறிமுறை மட்டும், 15இல் உப்பு மட்டும், 15இல் இரண்டும், 15இல் வழக்கமான கவனிப்பு. உப்பைச் சோதிக்கும்போது 30 பகுதியை 30 பகுதியோடு ஒப்பிடலாம், மருந்தைச் சோதிக்கும்போதும் அப்படியே. 3 மில்லிமீட்டர் வேறுபாடும் இதில் தெரியும். உப்புக்கு அந்த நுணுக்கம் வேண்டும் என்பதால்தான் 20 பகுதியோடு நிறுத்த முடியாது.

நான்கு பேர் வீட்டுக்கு மாதம் ஒன்றேகால் கிலோ வீதம் 1,500 வீட்டுக்கு 24 மாதத்தில் 45,000 கிலோ. கிலோ 100 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 45 லட்சம். அளவீட்டுக்குத் தனிக்குழுவாக 12 பேர், மாதம் 25,000 வீதம் 48 மாதம், 1 கோடியே 44 லட்சம். வீட்டுக்குப் போகும் 30 பேருக்கு மாதம் 15,000 வீதம் 24 மாதம், 1 கோடியே 8 லட்சம். கருவி, பட்டை, ரத்தப் பரிசோதனை, சிறுநீர், தரவு, பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு எல்லாம் சேர்த்தாலும் 5 கோடியைத் தாண்டக் காரணமில்லை. 2 கோடி பரம்பரைக் கொழுப்புக்கு. மீதி ஒரு கோடியை, ஆய்வு முடிந்த பின் அந்த 3,000 பேரைப் பத்தாண்டு மரணப் பதிவோடு இணைக்க, தொடக்கத்திலேயே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். இதற்கான ஒப்புதல் படிவத்தையும் முதல் நாளே வாங்கிவிட வேண்டும்.

தவணை விதியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இரண்டாம் ஆண்டுப் பணம் தாமதமானால் முதலில் வேலையை விடுவது களப்பணியாளர்கள்தான்; அவர்களோடு ஊரின் நம்பிக்கையும் போய்விடும். ஆகவே ஆறு மாதச் சம்பளம் எப்போதும் முன்பணமாகக் கையில் இருக்க வேண்டும். பதிலுக்கு, ஆய்வு, இந்தியாவின் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் ஏறிய பிறகே முதல் ஆளைச் சேர்க்க வேண்டும். ஒன்பதாம் மாதத்துக்குள் 60 பகுதிகளில் 45ஆவது தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சிய தொகை அடுத்த விண்ணப்பத்துக்குப் போகும். முடிவு எதுவாக இருந்தாலும், பலனே இல்லையென்றாலும், கடைசி அளவீட்டிலிருந்து 12 மாதத்துக்குள் வெளியிட்டால்தான் கடைசித் தவணை.